மரக்குதிரைக்குப் பொருந்திய சேணம்

போனை எடுத்ததும் வருகிற முதல் கேள்வி, "குதிரை வெள்ளைதானே?" என்பதுதான். தேதி சொல்லமாட்டார்கள், எந்த மண்டபம் என்று சொல்லமாட்டார்கள், மாப்பிள்ளை எத்தனை கிலோ என்று வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள். வெள்ளையா, அது போதும். இல்லைங்க, செங்கல் நிறம் என்பேன். "அப்டியா, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று வைத்துவிடுவார்கள். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை, அந்தப் பக்கம் பேர்ணாம்பட்டு வரை, கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை தேடுகிற அத்தனை பேர் கனவிலும் யார் வந்து இந்த வெள்ளையைச் சொல்லிவிட்டுப் போனார்களோ தெரியவில்லை. ஒருமுறை கோபம் தாங்காமல், "மாப்பிள்ளை வெள்ளையாங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு மூன்று கல்யாணம் நடந்தது. ஒன்றுக்கும் என்னைக் கூப்பிடவில்லை.

பதினோரு வருடமாக எங்களிடம் இருக்கிற பெட்டைக் குதிரை அவள். வீட்டில் பொண்ணு என்றுதான் கூப்பிடுவோம். நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளை கிடையாது, காலில் கிடையாது, குளம்பிலிருந்து காது வரை ஒரே செங்கல் நிறம். அவள் முதுகை நான் என்ன செய்துவைத்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும் வெள்ளை கேட்பவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள்மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

என்னைப் பார்க்கிறவர்கள் பரம்பரைக் குதிரைக்காரன் என்று நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி. என் அப்பா சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினவர். பத்தொன்பது வயதில் தோல் ஷாப்பில் சேர்ந்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைக் கழி போட்டு இழுத்து மேலே போடுகிற வேலை. அங்கே ஈரத்தோல் ஏற்றிய வண்டியை ஒரு மட்டக்குதிரை இழுத்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் நான் அதன் பக்கத்தில் போய் நிற்பேன். அது என்னைக் கண்டுகொள்ளாது. அப்படியே நின்றுவிட்டு வீட்டுக்குப் போவேன்.

சுண்ணாம்பு கையைத் தின்றுவிட்டது. அதை விட்டு ஏலகிரிக்குப் போய், சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் கூட்டிப்போகிற வேலையில் ஒரு வருடம். "பயப்படாதீங்க, கடிக்காது" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனது. பிறகு ஷூ கம்பெனியில், அச்சின்மேல் தோலை இழுத்து மாட்டுகிற மிஷினில் ஆறு வருடம். பிறகு வாலாஜாபேட்டைக்குத் தோல் ஏற்றிப்போகிற மினி லாரி. நடுவில் ஆற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். ஊர்வலக் குதிரைகளைப் பக்கத்தில் பார்த்தது அங்கேதான். எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை என்று என் மனைவி சொல்வாள். எந்த வேலைக்குப் போனாலும் குதிரை ஒன்று கூடவே வந்தது என்று நான் சொல்வேன். இரண்டும் உண்மைதான்.

பொண்ணை அந்தியூர் ஆடிச் சந்தையில் பிடித்தேன். மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக் குதிரைகளைச் சுற்றி ஒரே கூட்டம்; இவள் ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் தின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் தீனியை விட்டுவிட்டு என் சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்தாள். உள்ளே ஒரு பொட்டலம் வேர்க்கடலை இருந்தது. அவ்வளவுதான், நான் தொலைந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யோவ், வெள்ளை கிடைக்கலியா உனுக்கு?" என்றாள். அவளும்தான்! அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தால் அந்த மூக்கு என் பைக்குள் இருக்கும்.

நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது, குதிரைச் சேணம் தைக்கிற கம்பெனி. பொண்ணு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே விட்டு விட்டு அங்கே போய்க்கொண்டிருந்தேன். பிறகு லாரியை விட்டு நிலையாக உட்கார்ந்தேன்; கல்யாண ஊர்வலமெல்லாம் வேலை முடிந்த பிறகுதான். ஊரெல்லாம் ஷூவும் செருப்பும் தைக்க, இவர்கள் வெளிநாட்டுக் குதிரைகளுக்குச் சேணம் தைத்து அனுப்புகிறார்கள். அங்கே சேணம் என்று யாரும் சொல்வதில்லை, சேடில்தான். நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கிறோம். அத்தனை பேரிலும் குதிரையைத் தொட்டுப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனாலேயே என்னைச் செக்கிங்கில் போட்டார்கள்.

செக்கிங்கில் ஒரு மரக்குதிரை உண்டு. தலை கிடையாது, வால் கிடையாது. நாலு கால், ஒரு முதுகு. வெளிநாட்டிலிருந்து வந்த அளவுக்குச் செய்த முதுகு. ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு அகலம். தைத்து முடித்த சேணத்தை அதன்மேல் வைத்து அமுக்க வேண்டும், முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். முன்பக்க வளைவுக்கு அடியில் மூன்று விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால்தான் குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் இருக்கிற மேட்டு எலும்பில் சேணம் படாது. பார்த்துவிட்டு முத்திரை குத்துவேன். தினமும் இதே வேலை. என் விரல்களுக்கு அது மனப்பாடம்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது வெளிநாட்டிலிருந்து புகார் வரும். சேடில் குதிரைக்குச் சேரவில்லை, அழுத்துகிறது, முதுகில் புண் வருகிறது. சூப்பர்வைசர் அந்த மெயிலை எங்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நானும் தயாராக இருப்பேன். "நம்ம சேடில் கரெக்ட்டு சார். அவங்க குதிரைதான் ராங்கு." செக்‌ஷனே சிரிக்கும். எத்தனை வருடம் சொன்னாலும் அந்தச் சிரிப்பு குறையவில்லை. குதிரை தெரிந்தவன் சொல்கிறான் என்பதால் அந்த ஜோக்குக்குக் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடத்துக்கு முந்தின ஆயுத பூஜை. எங்கள் கம்பெனியில் எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு, பொரி கடலை கொடுப்பார்கள். மரக்குதிரைக்கும் மாலை உண்டு. அந்த வருடம் தையல் செக்‌ஷன் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணா, வருசா வருசம் இந்தக் கட்டைக்கே பூஜை பண்றோம். உங்க குதிரையைக் கூட்டினு வாங்க. நாங்க தெச்ச சேடில் ஒரு குதிரை மேல எப்டி கீதுன்னு நாங்களும் ஒரு தரம் பார்க்க வாணாவா?" நியாயம்தானே. இருபது வருடமாகச் சேணம் தைக்கிறார்கள். ஒரு சேணமும் ஒரு குதிரைமேல் இருந்து பார்த்ததில்லை. வீட்டிலிருந்து நடை தூரம்தான். பொண்ணைக் குளிப்பாட்டி, பிடரியைச் சீவி, கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு என் கால் எங்கே இருந்தது என்கிறீர்கள்? தரையில் இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு விரலால் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். "ஐயோ, இவ்ளோ சூடா கீதே!" என்று ஒருத்தி கையை இழுத்துக்கொண்டாள். பளபளவென்று ஒரு சேணத்தை எடுத்துவந்து முதுகில் வைத்தோம். ஒரு பக்கத் தோல் இன்னொரு பக்கத்தைவிட நிறம் கொஞ்சம் கம்மி. அதனால் தள்ளிவைத்த சேணம், மற்றபடி குற்றம் சொல்ல முடியாது. மாலை, குங்குமம், கற்பூரம், செல்போனில் போட்டோ. பதினோரு வருடம் தலையில்லாத கட்டைமேல் பார்த்த சேணம் என் பொண்ணுமேல் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது ஒரு அம்மா, தையலில் எல்லோருக்கும் மூத்தவர், பொண்ணுக்குப் பின்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அண்ணா, நம்ம மரக்குதிரை அகலமா கீது. இது ஒல்லியா கீதே. சேடில் முன்னால இறங்கி உக்காந்த மாதிரி தெரிலியா?" நான் என்ன செய்திருக்க வேண்டும்? மூன்று விரலை அடியில் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நொடி வேலை. நான் சொன்னது இது: "நம்ம ஊர் குதிரை அப்டித்தான்மா இருக்கும். நீ போய் உன் மிஷினுக்குப் பொட்டு வை." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பூஜை முடிந்ததும் மேனேஜர் அந்தச் சேணத்தை எனக்கே கொடுத்துவிட்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் பார்க்கவில்லை. மாட்டைச் சொன்ன பழமொழியைக் குதிரைச் சேணத்துக்கு வைத்துக்கொண்டது என் புத்திசாலித்தனம். அதுவரை பொண்ணுக்கு நான் போட்டுக்கொண்டிருந்தது கோணிக்குள் வைக்கோல் திணித்துத் தைத்த மெத்தைதான். அதைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். வெள்ளை இல்லாவிட்டால் போகட்டும், இந்தப் பகுதியில் எந்த ஊர்வலக் குதிரைக்கு இப்படி ஒரு சேணம் இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்று தெருவில் நிறுத்தியே சொன்னேன்.

ஊர்வலத்தில் சேணத்தின்மேல் சரிகைத் துணி போர்த்துவது வழக்கம். துணி போர்த்திவிட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. மாப்பிள்ளைகள் வேறு குதிரை ஏறத் தெரியாதவர்கள். பேண்டு செட் அடித்ததும் பயத்தில் முன்னால் சாய்ந்து சேணத்தின் முன்வளைவைக் கட்டிக்கொள்வார்கள். முழு எடையும் அங்கே. மூன்றாவது கல்யாணம் முடிந்து சேணத்தை அவிழ்த்தபோது அந்த மேட்டு எலும்பின்மேல் முடி தேய்ந்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. உண்ணி கடித்திருக்கும் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினேன். அடுத்த கல்யாணத்துக்குச் சேணத்தைத் தூக்கியதும் அவள் ஒதுங்கினாள். காதைப் பின்னால் மடித்தாள். ஒன்பது வருடத்தில் என்னிடம் அவள் காதை மடித்ததில்லை. "இன்னாடி பேஜார் பண்றே" என்று அதட்டி, அடியில் இன்னொரு கம்பளியை மடித்து வைத்து இறுக்கிக் கட்டினேன். மெத்தென்று இருக்குமாம். ஷூ கடித்தால் இன்னொரு சாக்ஸ் போட்டுக்கொள்கிறவனின் அறிவு.

அது ஆம்பூரில் ஒரு பாய் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல கனம். கடைத்தெரு முனையில் போட்டோகிராபர் மாப்பிள்ளையைக் குனியச் சொன்னான். குனிந்தார். பொண்ணு முன்காலைத் தூக்கிவிட்டாள். மாப்பிள்ளை சரிந்து நாலு பேர் கையில் விழுந்தார். தலைப்பாகை சாக்கடை ஓரத்தில். அவர் தாய்மாமா என் சட்டையைப் பிடித்தார். "இன்னாபா, காட்டுக் குதிரையைப் புடிச்சாந்துட்டியா? புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா?" கூட்டத்தில் யாரோ, "குதிரை கீழே தள்ளினதுமில்லாம குழியும் பறிச்சுதாம்" என்றார்கள். அத்தனை பேர் சிரிப்பும் என் முகத்தில். நான் கடிவாள வாரை மடித்து அவள் கழுத்தில் இரண்டு அடி போட்டேன். அவளை நான் அடித்தது அதுதான் முதலும் கடைசியும். அவள் நகரவில்லை. நின்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கம்பளியை எடுத்தேன். வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்ததும் சீழும் ரத்தமும் என் கைமேல் வழிந்தது. மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயதுப் பெண். புண்ணைக் கழுவிவிட்டு, "அண்ணே, போட்ட சேணத்தைக் கொண்டு வந்தீங்களா?" என்றார். கொண்டுபோயிருந்தேன். ஏன் கொண்டுபோனேன்? காட்டிப் பெருமைப்படத்தான் என்று நினைக்கிறேன். வெறும் சேணத்தைப் புண் படாமல் முதுகுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, முன்பக்கம் குனிந்து பார்த்தார். "விரல் போற அளவுகூட இடம் இல்லியே. அப்படியே எலும்பு மேல உக்காருது. இது இவளைவிட ரெண்டு மடங்கு அகலமான குதிரைக்குச் செஞ்சது. நீங்க இன்னா வேலை பண்றீங்க?"

"சேணம் செக்கிங்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த சீட்டைப் பார்த்தபடியே, புண் எலும்புக்குள் போயிருந்தால் குதிரை அவ்வளவுதான், ஒரு மாதம் போனால்தான் தெரியும், அதுவரை முதுகில் ஈ உட்காரக்கூடாது என்றார்.

அந்த ஒரு மாதம் நான் யார்மேலெல்லாம் எரிந்து விழுந்தேன் என்று கணக்கு வைக்க முடியாது. போட்டோகிராபன், கனமான மாப்பிள்ளை, தாய்மாமா, தோலுக்கு ஏற்றின கெமிக்கல், வெள்ளைக் குதிரை கேட்கிற ஊர். மனைவி ஒரு நாள் காலையில், "எல்லாரையும் சொல்லிட்டே. ஒரு ஆள் பாக்கி" என்று சொல்லிவிட்டு, தான் வேலை பார்க்கிற ஷூ கம்பெனியின் பஸ் ஏறப் போய்விட்டாள். தரகர் ஒருவர் இரண்டு தடவை வந்தார். "முதுகு போன குதிரையை வெச்சினு இன்னா பண்ணப்போறே? குடுத்துடு." அவரிடம் போகிற குதிரைகள் எங்கே போகின்றன என்று தோல் ஊரில் இருபது வருடம் வேலை செய்தவனுக்குத் தெரியாதா? வாசலைத் தாண்டாதே என்று கத்தினேன். கத்தியது கேட்டுப் பொண்ணு மூலையில் போய் நின்றுகொண்டாள்.

தினமும் இரண்டு வேளை புண்ணைக் கழுவ வேண்டும். நான் கிட்டே போனால் உடம்பெல்லாம் நடுங்கும், காதை மடித்துச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். மனைவி போனால் நிற்பாள். ஆகவே மனைவிதான் கழுவினாள், குதிரை எனக்கெதற்கு என்று ஒன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள். நான் மருந்துத் தண்ணீரை வாளியில் கலந்து கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். வேர்க்கடலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். வரவில்லை. ஒரு மாதம் கழித்து டாக்டர் வந்து அழுத்திப் பார்த்து, எலும்பு தப்பிவிட்டது என்றார். அன்றைக்கு நான் கொல்லைப்பக்கம் போய் வாய்விட்டு அழுதேன். வெட்கம் என்ன இருக்கிறது இதில்?

தையல் செக்‌ஷன் அம்மாவிடம் போய், நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரி என்றேன். அவர் "தெரியும்" என்றார். அவ்வளவுதான். பிறகு ஒரு கம்பியைக் கொடுத்து, பொண்ணு முதுகில் வளைத்து எடுத்துவரச் சொன்னார். என் மனைவிதான் வளைத்து எடுத்தாள். அந்த வளைவை அட்டையில் வரைந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மெத்தை தைத்தார். நடுவில் வாய்க்கால் மாதிரி இடம் விட்டு, எலும்பில் எதுவும் படாமல். இதேபோல ஒரு சேணமே செய்து பார்க்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "யார் ஆர்டர்?" என்றார். ஆர்டர் யாரும் இல்லை என்றேன். "அப்புறம்?" என்றார். அப்புறம் ஒன்றும் இல்லை. நான் திரும்பிவந்து மரக்குதிரைமேல் அடுத்த சேணத்தை வைத்தேன். மூன்று விரல் நுழைந்தது. முத்திரை குத்தினேன். அந்தக் கட்டைக்கு எல்லாச் சேணமும் எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது, சனியன்.

போன மாதம் ஒரு புகார் மெயில் வந்தது. குதிரை முதுகில் புண் என்று சூப்பர்வைசர் படித்துவிட்டு, வழக்கம்போல என்னைப் பார்த்தார். செக்‌ஷன் முழுக்கச் சிரிக்கத் தயாராக நின்றது. "அந்தக் குதிரை முதுகை ஒரு கம்பியில வளைச்சு அளவு அனுப்பச் சொல்லுங்க சார்" என்றேன். அவர் கொஞ்சம் காத்திருந்தார், ஜோக்கு இனிமேல்தான் வரும் என்று. வரவில்லை. "நமக்கு எதுக்குயா அதெல்லாம்" என்று மெயிலை மூடிவிட்டார். தையல் பக்கம் ஒரு மிஷின் மட்டும் ஓடவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது பொண்ணு மறுபடி ஊர்வலத்துக்குப் போகிறாள், மாதத்துக்கு ஒன்று, மெலிந்த மாப்பிள்ளையாக இருந்தால் மட்டும். மெத்தையை என் மனைவி வைத்தால்தான் நிற்பாள். அதற்காக மனைவி அரை நாள் லீவு போட்டுவிட்டு வருகிறாள். நான் முன்னால் கடிவாளம் பிடித்து நடக்கிறேன், அதற்கு ஒத்துக்கொள்கிறாள். இரண்டு கையையும் சேர்த்து நான் உயர்த்தினால் மட்டும், வெறும் கையாக இருந்தாலும், சோம்பல் முறித்தாலும்கூட, ஒதுங்கிவிடுகிறாள். சாயங்காலம் என் பையில் வேர்க்கடலை இருக்கிறது. மூக்கு வருவதில்லை. புண் ஆறின இடத்தில் முடி முளைத்துவிட்டது. முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது. அழுத்திப் புண்ணான இடத்தில் அப்படித்தான் முளைக்கும், இனி நிறம் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று பேர்ணாம்பட்டிலிருந்து ஒரு பாய் போன் செய்தார். "குதிரை வெள்ளைதானே?"

"ஒரு உள்ளங்கை அளவு வெள்ளை இருக்குது பாய்" என்றேன்.

"எங்க, நெத்தியிலயா?"

"முதுகுல. நான் வெச்சது."

"பெயின்ட்டா அடிச்சே?" என்று சிரித்தார்.

"இல்ல பாய். சேடில் வெச்சேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார்.